கால்பந்து ஆட்டத்தை டிவியில் பதிவு செய்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் நடக்கிற நேரத்தில் எல்லோராலும் டிவி முன்னால் உட்கார முடிவதில்லை. வேலை இருக்கும். இல்லாவிட்டால் ஆட்டம் உலகத்தின் இன்னொரு மூலையில் நடக்கும், நமக்கு அது நடுராத்திரியாக இருக்கும். பதிவு செய்து வைத்து அப்புறம் பார்க்க வேண்டியதுதான். பட்டனை அழுத்துவது சுலபம். கடைசி விசில்வரை பதிவாகியிருப்பதும், நாம் பார்த்து முடிக்கும்வரை முடிவு காதில் விழாமல் இருப்பதும்தான் கஷ்டம். நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நானே பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பதிவு செய்ய என்ன கருவி வேண்டும்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ். ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கும், அல்லது யூஎஸ்பி வழியாக வெளியிலிருந்து மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள டிவி. மூன்றாவது, ட்யூனர் எனப்படும், சேனல் சிக்னலைப் பிடிக்கும் கருவி ஒன்றைக் கணினியிலோ வீட்டு நெட்வொர்க்கிலோ மாட்டி, டிவிஹெட்எண்ட், நெக்ஸ்ட்பிவிஆர், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளிடம் வேலையை ஒப்படைப்பது.

ஆட்டம் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு முதல் வழி. நோண்டிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு மூன்றாவது. அதில் இறங்கினால் சில சனிக்கிழமைகள் அதற்கே போய்விடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. டிஜிட்டல் ஒளிபரப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பாக்ஸ் அதை அப்படியே டிஸ்கில் எழுதிவிடுகிறது. அதனால் பதிவின் தரமும் நேரலையின் தரமும் ஒன்றுதான். பழைய விஎச்எஸ் டேப்பில் போல நிறம் வெளுப்பதோ, கோடு விழுவதோ கிடையாது.

டைமரை எவ்வளவு நேரத்துக்கு வைக்க வேண்டும்?

நான் வைப்பது இப்படி: லீக் ஆட்டம் என்றால் கிக்-ஆஃப் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம். தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் ஆட்டம் என்றால் மூன்றரை மணி நேரம். இரண்டுக்கும் முன்னால் பத்து நிமிடம் கூடுதல்.

"90 நிமிட ஆட்டத்துக்கு இவ்வளவா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாதிகளும் இடைவேளையும் சேர்ந்தாலே 105 நிமிடம். அதற்கு மேல் நடுவர் சேர்க்கும் நேரம் இருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஈரானும் மோதிய ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டது. இரண்டு பாதிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 27 நிமிடம் கூடுதலாக ஆடினார்கள். இரண்டு மணி நேர டைமர் வைத்தவர்களுக்குக் கடைசிப் பகுதி போயிருக்கும்.

அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தது. 80-வது நிமிடத்தில் பிரான்ஸின் எம்பாப்பே ஒரு பெனால்டி கோல், அடுத்த நிமிடமே இன்னொரு கோல். அங்கே இரண்டு மணி நேர டைமர் சரியாக 2-2 என்று நிற்கும் இடத்தில் அறுந்துபோயிருக்கும். மெஸ்ஸியின் இரண்டாவது கோல், எம்பாப்பேயின் மூன்றாவது கோல், கடைசி வினாடிகளில் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்தது, அப்புறம் பெனால்டி ஷூட்அவுட் எல்லாமே அதற்குப் பிறகுதான்.

கூடுதல் நேரம் இரண்டு பதினைந்து நிமிடங்கள், நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள், ஷூட்அவுட்டுக்குக் கால் மணி நேரம் என்று கூட்டினால் மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடும். மேலே இருக்கும் அரை மணி நேரம் ஒளிபரப்பு தாமதமாகத் தொடங்கினால் கைகொடுக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலிறுதிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன், தாராளம் என்று நினைத்து. ஷூட்அவுட்டில் நான்காவது ஆள் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போனார். இடுப்பில் கை வைத்தார். மூச்சை இழுத்துவிட்டார். திரையில் "பதிவு முடிந்தது, அழிக்கவா?" என்று வந்து நின்றது.

நிகழ்ச்சி கைடிலிருந்து பதிவு போட்டால், ஆட்டம் நீண்டாலும் பாக்ஸ் தானே பார்த்துக்கொள்ளாதா?

சில இடங்களில் பார்த்துக்கொள்ளும். ஒளிபரப்போடு சேர்ந்து "இப்போது ஓடுவது எது, அடுத்தது எது" என்ற தகவலும் வந்துகொண்டே இருக்கும். சேனல்காரர்கள் அதை உடனுக்குடன் மாற்றினால், பாக்ஸும் அதைக் கவனித்தால், பதிவு நீளும். இரண்டு "ஆல்" இருப்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் பதிவு அரைகுறைதான். பாக்ஸின் அமைப்புகளில் முன்னும் பின்னும் கூடுதல் நிமிடம் சேர்க்கும் இடம் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்துப் பின்பக்கத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

பின்பக்க நிமிடங்களுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தால், ஆட்டத்துக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு போடுங்கள். யாரோ சமைப்பதையோ செய்தி வாசிப்பதையோ பதிவு செய்வது வீண் வேலையாகத் தோன்றும். 1999 மே 26 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்தபோது பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னால் இருந்தது. அடுத்த மூன்று நிமிடத்துக்குள் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கியது. அந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு மணி நேரச் சமையலைப் பதிவு செய்யலாம், தப்பில்லை.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம்: ஒளிபரப்பு வினாடிக்கு எத்தனை மெகாபிட்டோ, அதை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். எச்டி சேனல் 8 மெகாபிட்டில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.6 ஜிபி. மூன்றரை மணி நேரப் பதிவு 12.6 ஜிபி. 4கே ஒளிபரப்பு 25 மெகாபிட் என்றால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல் போகும்.

2026 உலகக் கோப்பை 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று அமைக்கப்பட்டது. அத்தனையையும் எச்டியில், ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மணி நேரம் வைத்துப் பதிவு செய்தால் ஏறக்குறைய 1,300 ஜிபி ஆகும். 2 டிபி டிஸ்க் ஒன்று போதும். 104 ஆட்டத்தையும் எப்போது உட்கார்ந்து பார்ப்பது என்பது வேறு கேள்வி. பதிவு செய்கிறவர்களுக்கெல்லாம் இருக்கிற வியாதி இது: பார்க்காத பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும். எனக்கு ஒரு நேரத்தில் நாற்பது சேர்ந்துவிட்டன.

டிஸ்கை வாங்கியதும் பாக்ஸ் அல்லது டிவியைக் கொண்டே ஃபார்மேட் செய்யுங்கள். கணினியில் ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்து கொண்டுவந்தால், அந்த வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன வேகத்தில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதாவது இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்குகிற நேரம். சில பாக்ஸ்கள் அந்த இடத்தில் கோப்பைத் துண்டாக்கித் தொடரும். சில அங்கேயே நின்றுவிடும்.

பென் டிரைவில் பதிவு செய்யலாமா?

ஆகும், ஆனால் வேண்டாம். மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும் வேலைக்குப் பல பென் டிரைவ்கள் தாங்குவதில்லை. சூடாகும், எழுதும் வேகம் விழும், படம் கட்டம் கட்டமாக உடையும். ஹார்டு டிஸ்கோ எஸ்எஸ்டியோ போடுங்கள்.

ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு ஆட்டங்களைப் பதிவு செய்ய முடியுமா?

பாக்ஸில் எத்தனை ட்யூனர் என்பதைப் பொறுத்தது. ஒரு ட்யூனர் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும். ஆனால் டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், இரண்டு சேனல்களும் அதே கூட்டில் இருந்தால் சில பாக்ஸ்கள் ஒற்றை ட்யூனரை வைத்தே இரண்டையும் பிடித்துவிடும். அதை நம்பி இருக்காமல் இரண்டு ட்யூனர் உள்ளதாக வாங்குவது நல்லது.

இந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதிய கடைசி குரூப் ஆட்டம் ஹிஹோன் நகரில் நடந்தது. அந்தக் குரூப்பின் மற்ற ஆட்டம் முந்தைய நாளே முடிந்திருந்ததால், 1-0 என்று ஜெர்மனி ஜெயித்தால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. அப்புறம் மிச்ச நேரமெல்லாம் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு குரூப்பின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. நியாயமான ஏற்பாடுதான். ஒற்றை ட்யூனர்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

2025 ஜனவரி 29 அன்று சாம்பியன்ஸ் லீகின் லீக் சுற்றுக் கடைசி நாளில் 18 ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. அதற்கு எந்தப் பாக்ஸும் ஈடுகொடுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பாதி ஓடிவிட்டது. பதிவு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பதிவாகிக்கொண்டிருக்கும்போதே முதலிலிருந்து பார்க்கலாம். ஹார்டு டிஸ்க் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் படித்துத் தரும். 1999-இல் டீவோ, ரீப்ளேடிவி என்ற கருவிகள் கடைக்கு வந்தபோது ஆட்களை அசத்திய விஷயமே இதுதான். டேப்பில் இது நடக்காது.

நேரலை ஆட்டத்துக்குக்கூட நான் இதைப் பயன்படுத்துகிறேன். கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கிப் பார்த்தால், இடைவேளையையும் விளம்பரங்களையும் தாண்டித் தாண்டி வந்து, கடைசி விசிலுக்குள் நேரலையை எட்டிவிடலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: தொடங்கும்போது பாக்ஸை ஆன் செய்தால் அந்த சேனலின் நேரலைதான் முதலில் திரையில் வந்து நிற்கும், மூலையில் ஸ்கோரோடு. அதனால் பதிவு போட்டுவிட்டு வேறு சேனலுக்கு மாற்றி வைத்துவிட்டு வெளியே போங்கள். விளையாட்டு சேனல் அல்லாத ஏதாவது ஒன்றுக்கு.

முடிவு தெரியாமல் பார்ப்பது எப்படி?

போனை மௌனமாக்குவது, ஸ்கோர் செயலியின் அறிவிப்பை நிறுத்துவது, சமூக ஊடகம் பக்கம் போகாமல் இருப்பது எல்லாம் நீங்களே செய்வீர்கள். யூடியூபையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் தேடாமலேயே கோல் காட்சியின் படத்தை முகப்பில் கொண்டுவந்து வைக்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது வெறும் அழுகை முகம் ஒன்றைப் போட்டாலே போதும், அவர் எந்த அணிக்காரர் என்று தெரியுமல்லவா?

பலர் யோசிக்காத ஒரு ஓட்டை இருக்கிறது. பதிவின் நீளமே முடிவைச் சொல்லிவிடும்.

ஒரு அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 85-வது நிமிடம், 1-1. அடுத்து என்ன ஆகும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எதேச்சையாக ரிமோட்டைத் தொடுகிறீர்கள். திரையின் அடியில் பச்சைக் கோடு நீள்கிறது, ஓரத்தில் "மீதம் 12 நிமிடம்" என்று இருக்கிறது. முடிந்தது. கூடுதல் நேரம் இல்லை, அதனால் இந்தப் பத்து நிமிடத்துக்குள் யாரோ கோல் போடப்போகிறார்கள். மாறாக "மீதம் 1 மணி 5 நிமிடம்" என்று இருந்தால், இனி வரும் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு பந்து கோல் கம்பத்தில் பட்டாலும் உங்களுக்குப் பதற்றம் வராது.

இதனால்தான் கைடின்படி தானாக நீளும் பதிவைவிடக் கையால் வைக்கும் டைமர் எனக்குப் பிடிக்கும். எல்லா நாக்-அவுட் ஆட்டத்துக்கும் ஒரே மூன்றரை மணி நேரம். ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்தாலும் ஷூட்அவுட் போனாலும் நீளம் ஒன்றுதான், கோட்டைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கோடே தெரியாமல் இருக்க வேண்டுமானால் டிவியின் அடிப்பகுதியில் ஒரு அட்டைத் துண்டை ஒட்டிவிடுங்கள். சிரிக்கலாம், ஆனால் வேலை செய்யும்.

இன்னொரு ஓட்டை, பட்டியலில் பதிவுக்குப் பக்கத்தில் வரும் சின்னப் படம். சில பாக்ஸ்கள் நீங்கள் விட்ட இடத்தின் காட்சியைக் காட்டும், அது பரவாயில்லை. சில, பதிவின் கடைசிக் காட்சியைக் காட்டும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் எந்தச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிய அரை வினாடி போதும். கைடின் குறிப்பையும் படிக்காதீர்கள். மறு ஒளிபரப்புக்கான குறிப்பில் முடிவையே எழுதி வைக்கும் சேனல்களும் உண்டு.

ஒரு ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் பார்த்து முடிக்கலாம்?

இடைவேளையைத் தாண்டினால் கால் மணி நேரம் மிச்சம். 30 வினாடி தாண்டும் பட்டன் இருந்தால் அதை முப்பது முறை அழுத்த வேண்டும், எண்ணிக்கொண்டே அழுத்தினால் இரண்டாவது பாதியின் வாசலில் நிற்கலாம். முன்னணி ஆட்டங்களிலேயே பந்து உண்மையில் உருளுகிற நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். மற்றதெல்லாம் கோல் கிக்குக்கு நிற்பது, த்ரோ-இன்னுக்குப் பந்தைத் துடைப்பது, விழுந்தவர் எழுவது. அதையெல்லாம் தாண்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஃப்ரீ கிக்குக்கு முன்னால் சுவர் அமைப்பதும், கார்னருக்கு முன்னால் பெட்டிக்குள் தள்ளுமுள்ளு நடப்பதும் ஆட்டத்தின் பகுதிதான். கணினியில் பார்ப்பதாக இருந்தால் 1.2 மடங்கு வேகம் வைத்துப் பாருங்கள். வர்ணனை புரியும், எதையும் விடவில்லை என்ற திருப்தியும் இருக்கும், ஆட்டக்காரர்கள் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர்களாகத் தெரிவார்கள்.

ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி ஆஃப்சைடைக் கண்டுபிடிக்க முடியுமா?

நண்பர்களோடு சண்டை போட உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. உங்கள் பாக்ஸ் வினாடிக்கு 25 படமாக நகர்த்துகிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 மில்லிவினாடி. வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அந்த இடைவெளியில் 36 சென்டிமீட்டர் போய்விடுவார், அதாவது ஒரு அடிக்கு மேல். தடுப்பாட்டக்காரர் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் இந்தப் படத்திலா அடுத்ததிலா என்பதை வைத்தே தீர்ப்பு தலைகீழாகும். போதாக்குறைக்குக் கேமரா சாய்வாக நிற்கிறது.

கத்தார் உலகக் கோப்பையில் இதற்காகவே அரங்கின் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தார்கள். பந்துக்குள் இருந்த உணரி வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அந்தக் கணக்கில் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே அதே வீரர் நகர்வது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் ரிமோட்டின் நிறுத்தும் பட்டன் இதோடு போட்டி போட முடியாது.

பதிவைக் கணினிக்கு மாற்ற முடியுமா?

டிவியிலும் கட்டணச் செட்டாப் பாக்ஸிலும் செய்த பதிவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அந்த டிஸ்கை அந்தக் கருவிதான் திறக்கும். டிவி கெட்டுப்போய் மெயின் போர்டை மாற்றினால்கூடப் பழைய பதிவுகள் திறக்காமல் போகலாம். பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் பிடிக்கலாம் என்று கேப்சர் கருவி வாங்குகிறவர்களும் உண்டு. அந்த வழியில் எச்டிசிபி என்ற பாதுகாப்பு ஓடுவதால் கறுப்புத் திரைதான் கிடைக்கும்.

கணினி ட்யூனரில் இலவசச் சேனலைப் பதிவு செய்திருந்தால் டி.எஸ். வகைக் கோப்பாகக் கையில் இருக்கும். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து பார்க்கலாம். முன்னும் பின்னும் வெட்ட லாஸ்லெஸ்கட் போன்ற கருவி போதும், படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும், அதனால் தரம் குறையாது.

இடம் போதவில்லை என்று மறுபடி சுருக்கத்தான் வேண்டுமென்றால், இதை மட்டும் கவனியுங்கள். பல விளையாட்டு சேனல்கள் 1080ஐ வடிவில் வருகின்றன. ஒவ்வொரு முழுப் படமும் இரண்டு அரைப் படங்களின் பின்னல்: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டைப்படைக் கோடுகள் அதற்கு 1/50 வினாடி கழித்து எடுத்தவை. அசையாத காட்சியில் வித்தியாசம் தெரியாது. வேகமாகப் போகும் பந்தை நிறுத்திப் பாருங்கள், ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மென்பொருளின் இயல்பு அமைப்பை நம்பிச் சுருக்கினால், வினாடிக்கு 50 அசைவுகள் 25 ஆகிவிடும். பந்து வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில், பின்னலைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்ற தெரிவை எடுத்தால் ஐம்பதும் காப்பாற்றப்படும். விஎல்சியில் பார்க்க மட்டும் என்றால் யாடிஃப் 2எக்ஸ் என்ற தெரிவு. வினாடிக்கு 60 கணக்கில் ஒளிபரப்பும் நாடுகளிலும் இதே கதைதான், எண் மட்டும் வேறு.

ஸ்ட்ரீமிங் செயலியில் வரும் ஆட்டத்தைப் பதிவு செய்யலாமா?

திரைப் பதிவு போட்டால் பெரும்பாலும் சத்தம் மட்டும் இருக்கும், படம் கறுப்பாக இருக்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டின் வேலை. செயலியே தரும் மறு ஒளிபரப்பு அல்லது கிளவுட் பதிவைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் சொத்து இல்லை, உரிமம் முடிந்த அன்று சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முழு ஆட்டத்தைத் திறக்கும்போது பக்கத்திலேயே "சிறந்த கோல்கள்" என்று அவர்களே படம் போட்டு வைத்திருப்பார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திறக்க வேண்டியதுதான்.

நான் நேரலையில் பார்க்கும்போதே பக்கத்து வீட்டில் எனக்கு முன்னால் கத்துகிறார்களே?

அவர்கள் ஆன்டெனாவிலோ டிஷ்ஷிலோ பார்க்கிறார்கள், நீங்கள் ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறீர்கள். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் வினாடிதான் ஆகிறது. படத்தைச் சுருக்கி அனுப்புவதில் சில வினாடிகள் போகும். ஸ்ட்ரீமிங்கில் அதற்கு மேல் ஆட்டத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, செயலி பாதுகாப்புக்காக இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். அவர்கள் கத்தியபோது உங்கள் திரையில் கோல்கீப்பர் இன்னும் பந்தை உதைத்திருக்க மாட்டார்.

டிவியில் பந்துக்குப் பின்னால் வால் போல நிழல் தெரிகிறது. பதிவில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. டிவியின் மோஷன் ஸ்மூத்திங் செய்கிற வேலை. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைக்கும்போது சிறிய பந்து அதற்குக் குழப்பம் தருகிறது. அதைக் குறைத்துப் பாருங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். "ஸ்போர்ட்ஸ்" என்று பெயர் வைத்த படமுறையும் எனக்குப் பிடிக்காது. புல் பிளாஸ்டிக் போலப் பளபளக்கும்.

வர்ணனை இல்லாமல் அரங்கின் சத்தத்தை மட்டும் கேட்கலாமா?

சில சேனல்கள் அதற்கென்று தனி ஒலித் தடம் தருகின்றன. ஆடியோ பட்டனை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால், 5.1 ஒலியில் வரும் ஆட்டங்களில் வர்ணனையாளரின் குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். அதன் அளவைக் குறைத்தால் அவர் தள்ளிப் போய்விடுவார், கூட்டம் நம்மைச் சுற்றி நிற்கும். நல்ல வர்ணனையாளராக இருந்தால் செய்யாதீர்கள்.

டைமர் வைத்தேன், பதிவே ஆகவில்லை. ஏன்?

முதலில் டிஸ்க் நிறைந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் நேரம். ஆட்டம் நடக்கும் நாட்டின் நேரத்தை அப்படியே டைமரில் போட்டவர்கள், கோடைக்காலக் கடிகார மாற்றத்தை மறந்தவர்கள், நள்ளிரவு தாண்டிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் தேதியைப் போட்டவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். கடைசி வகையில் நானும் ஒருவன். 12:30 என்றால் எந்த 12:30 என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

சில மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் பாக்ஸ் தானாகத் தூங்கப் போகும் மின்சேமிப்பு அமைப்பு ஒன்று உண்டு. நல்ல பாக்ஸ் பதிவுக்காக எழுந்துகொள்ளும், எல்லாப் பாக்ஸும் நல்ல பாக்ஸ் இல்லை. மின்வெட்டு அடிக்கடி வரும் இடம் என்றால் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும், பாக்ஸ் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பெருமழையில் டிஷ் சிக்னல் போனால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. வராத சிக்னலைப் பிறகு சரிசெய்ய முடியாது.

முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய நாள், அதே சேனலில் ஐந்து நிமிடம் பதிவு போட்டுத் திறந்து பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சட்டப்படி சரிதானா?

உங்கள் வீட்டில், நீங்கள் பார்ப்பதற்காகப் பதிவு செய்வதைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ டேப் பதிவுக் கருவிக்கு எதிராக யுனிவர்சல் ஸ்டூடியோ போட்ட வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றுவதும், பொது இடத்தில் கட்டணம் வாங்கித் திரையிடுவதும் முற்றிலும் வேறு விஷயம், அதற்கு உரிமம் வேண்டும்.

பார்த்து முடித்த பதிவை என்ன செய்வது?

அழித்துவிடுங்கள், பத்தில் ஒன்பதை. வைத்துக்கொள்ள ஆசைப்படும் அந்த ஒன்றுக்கு, முடிந்தால் இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் போய்விடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, அணிகள், போட்டி என்று மட்டும் எழுதுங்கள், ஸ்கோரை எழுத வேண்டாம். நான் ஆரம்பத்தில் ஸ்கோரோடு எழுதி வைத்த ஏழெட்டுக் கோப்புகளைத் திரும்பத் திறந்ததே இல்லை. எழுதாமல் விட்ட ஒன்றைப் போன மாதம் எடுத்தேன். பழைய காலிறுதி, யார் ஜெயித்தார்கள் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. எழுபதாவது நிமிடம்வரை நினைவு வரவே இல்லை. அப்புறம் ஒரு மாற்று வீரர் கோட்டுக்கு வெளியே கால்களை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் லேசாக ஏதோ ஞாபகம் வந்தது. உடனே சத்தத்தைக் கூட்டினேன்.